கழுத்தில் ஒரு ஃபாட்டா

புனேயில் என் தந்தையைக் கண்டவரெல்லாம் ‘காகா’ என்றே அழைத்தார்கள். சித்தப்பா முறையைச் சுட்டும் மரியாதைச் சொல் அது என்று விளக்கினேன். மதுரையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், “பதிலுக்கு நான் கரையணுமாடா?” என்று மட்டும் கேட்டார்.

புனேயின் கோந்த்வா பகுதியில் உள்ள என் வாடகை வீட்டுக்கு அவர் வந்தது விருந்தாளியாக. தங்க நேர்ந்தது தலைச்சுற்றலால். முதல் ஸ்கேனில் கழுத்துத் தமனியின் இரத்த வேகம் மிகுந்து தெரிந்தது. அடைப்பென்றால் அறுவை சிகிச்சை என்றார்கள். “வலிக்குதுன்னு சொன்னாக்கூடப் புரியாத ஊர்ல என்னை அறுக்க விட்றாதே,” என்றார் அப்பா. உறுதி செய்ய மறு ஸ்கேன். மொழிபெயர்ப்புப் பொறுப்பு எனக்கு. பட்டிமன்ற மேடைதோறும் இருதரப்புக்கும் பேசிக் கோப்பை வென்றவன் நான். இந்தித் தேர்வுகளையும் விட்டுவைக்காதவன்.

கழுத்தில் கருவியை வைத்த டாக்டர் அம்மையார் திரையைப் பார்த்து, “காகா, இத்தே ஃபாட்டா ஆஹே,” என்றார்.

“என்னடா சொல்றாங்க?”

‘இங்கே இருக்கிறது’ என்பது வரை மராத்தி புரிந்தது. இந்தியில் ‘ஃபட்டா’ என்றால் கிழிந்தது. குறிலை நெடிலாக இழுப்பது மராத்தியர் வழக்கம் போலும் என்று கணத்தில் தீர்ப்பெழுதினேன். “குழாய் கிழிஞ்சிருக்காம்ப்பா.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். “ஊருக்கு டிக்கெட் போடு. அங்கயே போய்ச் சேர்றேன்.”

கிழிசலைப் புன்னகையோடு அறிவிப்பது எவ்வகை அறம் என்று டாக்டரிடம் ஆங்கிலத்தில் வாதாடத் தொடங்கினேன். அவர் கருவியை எடுக்காமலே இந்தியில் கேட்டார்: “கிழிஞ்சதுன்னு யார் சொன்னது? நீங்க பஸ்லயே போனதில்லையா? பாதி ஸ்டாப் பேரு ஃபாட்டான்னுதானே முடியும்? ரோடு ரெண்டாப் பிரியுற இடம்தான் ஃபாட்டா.”

தமனி கிளைக்கும் இடம் சற்றுப் புடைத்திருக்குமாம். அங்கே இரத்தம் சுழலும். ஓரத்தில் கொஞ்சம் பின்னோக்கியும் ஓடும். குழாய் வளைவதால் ஒலியலை சந்திக்கும் கோணமும் மாறும். முதல் அளவை அந்தச் சந்தியிலேயே எடுத்திருக்கிறார்கள். அவர் கருவியைச் சற்று மேலே நகர்த்தி, ஓட்டம் நேராகும் இடத்தில் கோணத்தைத் திருத்தி அளந்தார். வேகம் இயல்பாகவே இருந்தது.

“அடைப்பு இல்ல காகா. தலைசுத்தல் காதால இருக்கலாம், காது டாக்டரைப் பாருங்க.”

இதை நான் பிழையின்றி மொழிபெயர்த்தேன். சட்டைப் பொத்தானைப் போட்டபடி அப்பா சொன்னார்: “பட்டிமன்றப் புலியே, ஒரு கால் எழுத்துக்காக என் கழுத்தை அறுத்துட்டியே.”

காதுக்கு மருந்து வாங்கிக்கொண்டு, மறுவாரம் அவர் ரயிலேறினார். எதிர் இருக்கையில் ஒரு தமிழர். அப்பா சன்னல் வழியே என்னைக் காட்டி, “நம்ம பையன்தான். பூனாக்காரன்,” என்றார், பெருமையாக. அதே நேரம் முதுகுக்குப் பின்னாலிருந்து எங்கள் தமிழைக் கேட்ட போர்ட்டர் ஒருவர் மூட்டையோடு வழிவிடச் சொல்லிக் குரல் கொடுத்தார்: “ஓ மதராசி, ஜரா ஹட்டோ.”

இரண்டு பெயருக்கும் என் ஒரே கழுத்துதான் திரும்பியது.