நான் மொழிபெயர்த்த வாக்குமூலம்

எங்கள் கருவிப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவம் வெள்ளைச் சாயத்தில் வரையப்பட்டிருந்தது. வேலை முடிந்து எல்லாவற்றையும் மாட்டிய பிறகு எங்காவது வெள்ளை தெரிந்தால், அந்தக் கருவி இன்னும் சுரங்கத்துக்குள் கிடக்கிறது என்று பொருள். அன்று ஒரு ஸ்பேனரின் இடம் வெறுமையாக இருந்தது. நானும் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இலங்கையில் மாத்தளை டவுனில் பிறந்த நான், வளைகுடா நகரமொன்றின் சுரங்க ரயிலில் பாதைப் பராமரிப்புக் குழுவுக்கு அப்போது சூப்பர்வைசராக இருந்தேன். ரயில்கள் ஓய்ந்த பிறகு மூன்று மணி நேரம்தான் பாதை எங்கள் கையில். மின்சாரம் நின்றதை உறுதிசெய்துகொண்டு இறங்க வேண்டும். தளர்ந்த பிடிகளை முடுக்கி, தேய்ந்த இடங்களைச் சீராக்கி, ஆட்களையும் கருவிகளையும் எண்ணி வெளியே கொண்டுவந்து, கையெழுத்துப் போட்டுப் பாதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதினொரு பேர் கொண்ட அந்தக் குழுவில் என்னைத் தவிரத் தமிழ் பேசியவர் ஒருவர்தான். மாத்தளைக்கு அடுத்த பல்லேபொலக்காரர், முஸ்லிம், என்னைவிட எட்டு வயது மூத்தவர். அண்ணன் முறையில் நான் அவரை நானா என்று கூப்பிட்டேன். அவர் மற்றவர்கள் முன்னால் என்னை சேர் என்பார், தனியாக இருந்தால் தம்பி. கருவிகள் அவர் பொறுப்பு. நோன்பு மாதத்தில், விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு மேலே ஏற நேரமில்லாத நாட்களில், தண்டவாளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டுத் தண்ணீர் குடிப்பார். எனக்கும் இரண்டு பழம் நீட்டுவார். நோன்பு நோற்காத எனக்கு அவர் எதற்கு எடுத்து வைத்தார் என்று நான் யோசித்ததே இல்லை.

அன்று பாதையைத் திருப்பிக் கொடுக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. நானா பலகையைக் காட்டினார். "ஸ்பேனர் ஒண்டு கொறையுது தம்பி. உள்ளுக்குத்தான் ஈக்கும். போய்ப் பாத்துட்டு வாறேன்." அவரை அனுப்பினால் பிந்தும். பிந்தினால் காரணம் எழுத வேண்டும். அந்த மாதம் என் பதவி உயர்வுக் கடிதம் மேலதிகாரியின் மேசையில் இருந்தது. யாராவது பையில் போட்டிருப்பாங்க, வாங்க என்றேன். அவர் இன்னொரு தடவை சொன்னார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவரிடமும் பேனாவைக் கொடுத்தேன்.

ஸ்பேனர், பாதை பிரியும் இடத்தில் கிடந்தது. காலையில் நகர வேண்டிய தண்டவாளம் அதில் சிக்கி நகராமல் நின்றது. ஒருவருக்கும் அடிபடவில்லை, ஆனால் ஒரு மணி நேரம் ரயில்கள் நின்றுபோயின. மறுநாள் விசாரணை. நானாவுக்கு ஆங்கிலத்தில் நாலு சொல்தான் தெரியும். விசாரித்த அதிகாரி, உன் ஊர்க்காரர்தானே, அவர் சொல்வதை நீயே சொல் என்று என்னிடம் விட்டுவிட்டார். நானா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அதிகாரியைப் பார்த்து நிதானமாகத் தமிழில் சொன்னார்: "ஒண்டு கொறையுதுண்டு நான் இவருக்கு ரெண்டு தரம் சொன்னேன். இவர் வேணுமுண்டு செய்யல்ல. நேரம் அப்படி."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "எண்ணினேன், எல்லாம் சரியாக இருந்ததாக நினைத்தேன் என்கிறார்." நானா, நான் பேசி முடித்ததும், ஆமாம் என்று தலையசைத்தார்.

ஒரு கிழமையில் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, எனக்காகப் பேசினீங்களே, அது போதும் என்றார். பதவி உயர்வு எனக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு விடுமுறையில் வரும்போதெல்லாம் பல்லேபொல பஸ் போவதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நாலு வருடம் அப்படியே போயிற்று.

போன விடுமுறையில்தான் அந்த பஸ்ஸில் ஏறினேன். நானா இப்போது த்ரீவீல் ஓட்டுகிறார். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மிளகுக் கொடி. என்னைக் கண்டதும் மனைவியைக் கூப்பிட்டு, எனக்காக அங்கே இங்கிலீசில் பேசின தம்பி இவர்தான் என்று அறிமுகப்படுத்தினார். வேறொரு நகரத்தின் சுரங்க ரயிலுக்கு இரண்டு தடவை விண்ணப்பித்தாராம். பழைய இடத்தில் விசாரித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதையும் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் சொன்னேன்: அவர் சொன்னதை, நான் அதை மாற்றிச் சொன்னதை, ஏன் என்பதை. அவருடைய மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார்.

நானா கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். மன்னிப்பார் என்றுகூட, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எதிர்பார்த்திருந்தேன். அவர் த்ரீவீல் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இத எனக்குத் தமிழ்ல சொல்லி என்னத்துக்கு தம்பி? நான் என்ன சொன்னேண்டு எனக்குத் தெரியும்தானே. அவங்களுக்கு இங்கிலீசுல சொல்லுங்க."

பிறகு த்ரீவீலில் என்னை பஸ் ஹோல்ட் வரை கொண்டுவந்து விட்டார். வழியில் ஒரு தடவைகூடத் தம்பி என்று கூப்பிடவில்லை.

திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த அதிகாரியின் அறையை ஒவ்வொரு வாரமும் கடந்து போகிறேன். அவருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரியை எத்தனையோ தடவை எழுதி அழித்திருக்கிறேன். உண்மை முழுவதையும் எழுதி முடித்தது இங்கே மட்டும்தான். இதையும் தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.