நூற்றெட்டு புளியங்கொட்டை

மைசூர்ப் பூங்காவில் ரத சப்தமிக் காலை. நூற்றெட்டு சூரிய நமஸ்காரம் செய்கிறார்கள். ஊர் பார்க்க வந்த நானும் பாய் விரித்துவிட்டேன். கணக்குத் தவறாமலிருக்க, ஒவ்வொன்று முடிந்ததும் பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைக்கிறேன். பஸ்ஸில் இறுகிய முதுகு இளகுகிறது. தலை கிறுகிறுக்க, காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது.

குவியல் காலி.

"இன்னைக்கு என்ன, சீக்கிரமே முடிஞ்சிருச்சு!" என்கிறார், அதே குவியலிலிருந்து கடைசிக் கொட்டையை எடுத்த பக்கத்துப் பாய்த் தமிழ் நர்ஸ். பிறகு என் பக்கத்துக் கொட்டைகளைப் பார்க்கிறார். "அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிடுகிறார். "இது நான் எனக்குன்னு நூத்தெட்டு எண்ணிக் கொண்டுவந்தது, அக்கா!"

"எல்லாருக்கும் பொதுன்னு நினைச்சேங்க..."

பாயில் உருண்டு சிரிக்கிறோம்.

"விடுங்கக்கா, சூரியனுக்கு நூத்தெட்டும் முழுசா போயிருச்சு. கொறைச்சல் நம்ம இடுப்புக்குத்தான்!" என்கிறார் நர்ஸ்.