அரை நாள் லீவில் போன லெஃப்ட் அவுட்

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது புதுக்கோட்டையில் பல பேருக்கு உத்தியோகம் போயிற்று. மிச்சப் பேருக்கு உத்தியோகம் இருந்தது, அந்தஸ்து போயிற்று. நேற்றுவரை தனி ராஜ்யத்தின் கஜானாவில் அதிகாரம் பண்ணியவர், திருச்சி ஜில்லாவின் ஏதோ ஒரு ஆபீஸில் மூலை மேஜையில் உட்கார்ந்து, யாரோ ஒரு புது அதிகாரியை ‘சார்’ என்று கூப்பிட வேண்டியதாயிற்று. எதோடும் சேர்க்க முடியாத ஒன்றே ஒன்று அவர்கள் கையில் மிஞ்சியிருந்தது. அதுதான் எங்கள் ஃபுட்பால் கிளப்.

பதினொரு இடம், பதினொரு ஆள், பதினொருவரும் பழைய சமஸ்தான உத்தியோகஸ்தர்கள். ராஜாங்கமே போன பிறகும் சென்டர் ஃபார்வர்டு பதவி மட்டும் பறிபோகாமல் இருந்தது. அதை எப்படி விடுவார்கள்? ஆபீஸில் இழந்ததையெல்லாம் சாயங்காலம் மைதானத்தில் வந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அரண்மனையில் என்னென்ன வழக்கம் இருந்ததோ அத்தனையும் கிளப்புக்கு வந்து சேர்ந்தது. ஆட வராதவர் ஆட வரவில்லை என்று சொல்லக் கூடாது, லீவில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். அவருக்குப் பதிலாக இறங்குகிற இளவட்டம் ‘ஆக்டிங்’. லீவு முடிந்து அவர் வந்தால் கோட்டோரத்தில் நின்று ஜெர்ஸியைக் கழற்றி அவர் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் சார்ஜ் ஒப்படைப்பது. இதையெல்லாம் நான் கேலிக்காகக் கட்டிச் சொல்லவில்லை. அவர்கள் சிரிக்காமல் செய்தார்கள், நாங்களும் சிரிக்காமல் ஒப்படைத்தோம்.

எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். ஆவூர்ப் பக்கத்து ஆள். அங்கே மாதா கோயில் சாமியார் ஒருவர் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு எங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் கொடுத்திருந்தார். பூசைக்குப் போனோமோ இல்லையோ, பந்தாட்டத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. பள்ளிக்கூடம் முடிந்து வேலை தேடப் புதுக்கோட்டைக்கு வந்து அக்காள் வீட்டில் தங்கினேன். வேலைதான் கிடைக்கவில்லை. அக்காள் வீட்டுக்காரர் நல்லவர், ஒரு நாளும் போ என்று சொன்னதில்லை. சாப்பிட உட்காரும்போது மட்டும், “மாப்ளைக்கு இன்னிக்கி ரொம்ப அலைச்சலோ, நல்லாப் பசிக்கிதே” என்பார். அந்தச் சோறு தொண்டையில் இறங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

கிளப்பில் எங்களைப் போல ஏழெட்டுப் பேர் காத்துக்கிடந்தோம். சைக்கிள் பம்பால் பந்துக்குக் காற்றடிப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, முள்ளுக்குள் போன பந்தை எடுப்பது, பெரியவர்கள் களைத்தால் சோடா வாங்கிவருவது, இவைதான் எங்கள் பயிற்சி. ஆட விடச் சொல்லிக் கேட்டால் செக்ரட்டரி ஒரே பதில் வைத்திருந்தார்.

“தம்பி, ஒனக்கு அனுபவம் இல்லையே.”

“ஆடுனாத்தானே சார் அனுபவம் வரும்?”

“அனுபவம் வந்தாத்தானேப்பா ஆட விட முடியும்?”

இந்த இடத்தில் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். செக்ரட்டரிதான் எங்கள் கோலியும். கண்ணாடி போட்டுக்கொண்டு கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்கிற கோலியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பந்து வந்தால் முதலில் கண்ணாடியைக் காப்பாற்றுவார், அப்புறம் நேரம் இருந்தால் கோலை.

நான் லெஃப்ட் அவுட், இடது ஓரத்தில் ஓடி ஆடுகிறவன். இடது காலால் நன்றாக உதைப்பேன், ஓட்டமும் உண்டு. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, வேறு எதுவும் என்னிடம் அப்போது இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். பழைய கஜானா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா, நாற்பத்து நான்கு வயது, தொந்தி உண்டு. அவர் ஓடிப் பார்த்தவர்கள் ஊரில் குறைவு. பந்து காலடிக்கு வந்தால் உதைப்பார். நாலு அடி தள்ளிப் போனால் பந்தை விட்டுவிட்டு அதை அனுப்பியவனை முறைப்பார். மற்றபடி தங்கமான மனுஷன். என்னைப் பார்க்கும்போதெல்லாம், “ஊர்ல ஆத்தா சௌக்கியமா?” என்று விசாரிக்காமல் போக மாட்டார். என் வயிற்றெரிச்சலே அதுதான். கெட்டவராக இருந்தால் வைது தொலைக்கலாம்.

ஒரு நாள் செக்ரட்டரி எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். திருச்சிப் பக்கத்து நூல் ஆலையிலிருந்து அவர்களுடைய அணி நம்மோடு ஆட வருகிறது. கூடவே ஆலை மேனேஜரும் வருகிறார். அவர்களுடைய லெஃப்ட் அவுட்டுக்கு முழங்கால் போய்விட்டது. நல்ல இளவட்டமாக ஒருவன் கிடைத்தால் ஆலையில் வேலையும் தங்க வீடும் கொடுத்துக் கூட்டிப்போய்விடுவார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு ஓடினேன். அக்காளிடம் சொன்னேன். அவள் மறுநாளே தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டாள், என்னவோ நான் அங்கே மூட்டையைப் பிரித்து வைத்தாகிவிட்டது போல. ஆனால் ஆட்டத்தில் இறங்கினால்தானே மேனேஜர் கண்ணில் பட முடியும்? நம் குமாஸ்தாவோ ஆட்டம் தவறாதவர். மாதாவுக்கு மெழுகுத்திரி நேர்ந்துகொண்டேன். ஒரு மனுஷனுக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது பாவமா என்று சாமியாரைக் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

காய்ச்சல் வரவில்லை, சம்பந்தம் வந்தது. ஆட்டத்தன்று அவர் மகளைப் பெண் பார்க்க மதுரைப் பக்கத்திலிருந்து வருகிறார்களாம். குமாஸ்தா செக்ரட்டரியிடம் வந்து லீவு சொன்னார். செக்ரட்டரி என்னைப் பார்த்து, “நீ ஆக்டிங்” என்றார். மெழுகுத்திரியை அன்றைக்கே ஏற்றிவிட்டேன்.

ஆட்டம் தொடங்கியது. ஆலைக்காரர்கள் எல்லோரும் பூட்ஸ் போட்ட வாட்டசாட்டமான பையன்கள். எங்கள் பக்கத்தில் என்னைத் தவிரப் பத்துப் பேருக்கும் நரை. ஆனாலும் எங்கள் பெரியவர்களிடம் ஒரு வித்தை உண்டு. ஓட மாட்டார்களே தவிர, பந்தை எங்கே தட்ட வேண்டும் என்று தெரியும். இத்தனை வருஷமாக அதை வாங்கிக்கொண்டு ஓடத்தான் ஆளில்லை. அன்றைக்கு ஆள் இருந்தான். இடது கோட்டோரமாக நான் போனால் என்னைத் தடுக்க வேண்டிய ரைட் பேக் என் முதுகைத்தான் பார்த்தான். ஹாஃப் டைமுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கோல் போட்டேன். மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றதை ஓரக்கண்ணால் பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது அந்த ஒரு கணம்தான் என்று சொன்னால், என் வீட்டில் சண்டை வரும். இருந்தாலும் உண்மை அதுதான்.

ஹாஃப் டைமில் எலுமிச்சம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டிருக்கிறேன், சைக்கிள் மணிச் சத்தம் கேட்கிறது. திரும்பினால் குமாஸ்தா. நெற்றியில் சந்தனம், வாயில் வெற்றிலை. பெண் பார்க்க வந்தவர்கள் சீக்கிரமே வந்து சீக்கிரமே போய்விட்டார்களாம்.

“தம்பி, நான் டூட்டியில சேந்துட்டேன்” என்று கையை நீட்டினார்.

நான் செக்ரட்டரியைப் பார்த்தேன். அவர் நிதானமாகச் சொன்னார். “அவரு கேட்டது அரை நாள் லீவுதான்ப்பா. பாதி ஆட்டத்தோட முடிஞ்சுபோச்சு. ஒப்படைச்சிடு.”

ஒப்படைத்தேன். ஏன் மறுத்துப் பேசவில்லை என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பது சுலபம். வியர்வையில் நனைந்த ஜெர்ஸி அவர் தொந்தியில் இறங்க மறுத்தது. இருவர் பிடித்து இழுத்து இறக்கினார்கள்.

அவர் உள்ளே கால் வைத்ததும் ரெஃப்ரி விசில் ஊதினார். ஆட்டம் தொடங்கிய பிறகு ஆள் மாற்றக் கூடாது, சட்டம் அப்படி. செக்ரட்டரிக்கு வந்ததே கோபம். “மாத்து ஆளு அந்தப் பையன்தான் சார். இவரு நிரந்தரம். நாங்க மாத்தலை, மாத்துனதைச் சரி பண்றோம்” என்றார். ரெஃப்ரி தலையைச் சொறிந்தார். மேனேஜரே எழுந்து வந்து, “அந்தப் பையனே ஆடட்டுமே, நல்லாத்தானே ஆடுறான்” என்றார்.

செக்ரட்டரி கும்பிட்டார். “நீங்க விருந்தாளி, ஒங்க பேச்சைத் தட்டக் கூடாது. ஆனா அவன் சார்ஜ் ஒப்படைச்சிட்டான். இனிமே அவனை எந்த முறையில உள்ளே விடுறது?”

ஆக, நான் உள்ளே போகக் கூடாது, கிளப் வழக்கம். அவர் உள்ளே போகக் கூடாது, ஆட்டச் சட்டம். இடது ஓரம் காலி. வழக்கத்தையும் மீறாமல் சட்டத்தையும் மீறாமல் பத்துப் பேரோடு ஆடினார்கள். எங்கள் இடது ஓரம் சந்தைக்குப் போகிற வழி மாதிரித் திறந்து கிடந்தது. ஆலையின் ரைட் அவுட் அதில் போவதும் வருவதுமாக நாலு கோல் போட்டான். கோட்டோரத்தில் நானும் குமாஸ்தாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, “கேசரி, நெய் சரியா இருக்கான்னு பாரு” என்று நீட்டினார். வாங்கித் தின்றேன். நெய் சரியாகத்தான் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் வந்தார். என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் செக்ரட்டரியிடம் திரும்பினார். “வேகம் இருக்கு. ஆனா பாதி ஆட்டந்தான் பார்த்தேன். முழு ஆட்டத்துக்கும் மூச்சுத் தாங்குமா?”

செக்ரட்டரி பொய் சொல்லாதவர். கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். “எங்க கிளப்புல இவன் இதுவரைக்கும் ஒரு முழு ஆட்டமும் ஆடுனதில்லைங்க.”

“ஆட விட்டாத்தானே” என்று நான் சொன்னது ஆலை வேன் கிளம்பிய சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. குமாஸ்தாவுக்கு மட்டும் கேட்டது. அவர் என் தோளில் கை போட்டு, நிஜமான கரிசனத்தோடு, “மனசை விட்டுராத தம்பி. எனக்கு அம்பத்தஞ்சு ஆக இன்னும் பதினோரு வருஷந்தான்” என்றார்.

ஆலைக்கு லெஃப்ட் அவுட் ஆலங்குடியில் கிடைத்தான். அவனை எனக்குத் தெரியும். இடது கால் அவனுக்கு நிற்பதற்கு மட்டும்தான் பயன்படும். ஆனால் அந்த ஊர் கிளப்பில் ஆளே கிடையாது. கடலை பிடுங்குகிற காலத்தில் பெரியவர்கள் யாரும் மைதானத்துப் பக்கமே வர மாட்டார்கள். அதனால் மீசை முளைக்காத பிள்ளைகளெல்லாம் முழு ஆட்டம் ஆடினார்கள். மேனேஜர் அங்கே ஆட்டம் பார்க்கப் போன அன்றும் அவன் கடைசிவரை ஓடியிருக்கிறான். எனக்கு இல்லாத ஒரே தகுதி அவனுக்கு இருந்தது. அவனை ஆட விட்டிருந்தார்கள்.

செய்தி தெரிந்த அன்று நான் அழுதேன். அக்காள் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பாட்டின்போது எதுவுமே சொல்லவில்லை. அது அவர் சொன்னதையெல்லாம்விட மோசமாக இருந்தது.

ஆலங்குடிக் கிளப்பில் இப்போது லெஃப்ட் அவுட் இடம் காலி என்று எனக்கு உறைக்க ரெண்டு நாள் ஆயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூட்ஸைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். யார் சொன்னார்களோ, செக்ரட்டரி வேர்க்க விறுவிறுக்கச் சைக்கிளில் வந்து நின்றார்.

“அங்கிட்டுப் போயி ஆடப்போறியாமே. யோசிச்சுத்தான் செய்யிறியா? இங்க ஒன் சீனியாரிட்டி போயிருமேப்பா.”

சிரித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும். ஆனால் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றேன். ரெண்டு வருஷம் கோடு போட்டிருக்கிறேன், காற்றடித்திருக்கிறேன், அதெல்லாம் போய்விடுமே என்று நிஜமாகவே எனக்குத் துணுக்கென்றது. கண்டக்டர் ஏறுவதானால் ஏறு என்று அதட்டியதால்தான் ஏறினேன்.

பஸ் நகர்ந்தது. செக்ரட்டரி விடவில்லை, ஜன்னலைப் பிடித்துக்கொண்டே கூட வந்தார். கோலில் நிற்கும்போது அவர் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை.

“அவசரப்படாதப்பா, நல்லா யோசி. அவரு ரிட்டையரானா அந்த இடத்துக்கு வரிசையில நீ ரெண்டாவது ஆளு” என்றார்.

முதல் ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.