படுத்தால் வரும் ஆயாசம்

பொது மருத்துவம் பார்க்கிற நமக்கெல்லாம் நாடி பிடிக்கும் விரலுக்கு முன்பே தேய்ந்துபோவது காதுதான். காலையிலிருந்து இருமலும் புலம்பலும் கேட்டுக் கேட்டு, நடுவில் ஒரு சொல்லைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும். திருத்தணியில் என் சின்ன கிளினிக்கில் ஒரு ஆடி மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பின்

ஆடிக் கிருத்திகைக்குச் சில நாள் முன்னால் பள்ளிப்பட்டு தேசப்பன் வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். ரத்தக்கொதிப்புக்குப் பல வருடமாக என்னிடம்தான் மாத்திரை வாங்குகிறார். எப்போதும் அடங்கியிருக்கும் அழுத்தம் அன்று பயமுறுத்தும் உயரத்தில் நின்றது. பட்டையை அடுத்த கைக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கும் அதேதான்.

அப்புறம்தான் மஞ்சள் வேட்டியையும் கழுத்து மாலையையும் கவனித்தேன். மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததற்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல். பகல் முழுக்க விரதம் என்பதால் காலை மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "நீங்கதானே டாக்டரம்மா சாப்பாட்டுக்குப் பின்னுன்னு எழுதிக் குடுத்தீங்க. சாப்பாடே இல்லன்னா பின்னு எங்கிருந்து வரும்?"

ஆயாசம்

மாத்திரையோடு குடிக்கும் தண்ணீரால் விரதம் கெடாது என்று சொல்லி அனுப்பினேன். தலையாட்டிவிட்டுப் போனார். விழுங்கினாரா என்பது வேறு விஷயம்.

கிருத்திகைக்கு முதல் நாள் மனைவி லட்சுமம்மாவோடு மறுபடி வந்தார். தெருவெல்லாம் காவடியும் பம்பைச் சத்தமும். என்னோடு உட்காரும் இளம் டாக்டர் கவிதா திருநெல்வேலிக்காரி. அவள்தான் முதலில் பார்த்தாள். "ஆயாசமா இருக்குன்னு சொல்லுதாரு மேடம். விரதக் களைப்புதான். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா தெளிஞ்சிருவாரு" என்றாள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. களைப்பைச் சொல்ல அதைவிட மெல்லிய சொல் உண்டா? உச்சரிக்கும்போதே உடம்பு சாய்ந்துவிடும்.

நர்ஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு, "படுங்கய்யா" என்றாள். அவர் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். "வேணாம்மா. படுத்தா ஆயாசம் ஜாஸ்தி ஆவுது" என்றார்.

என் கையிலிருந்த பேனா நின்றது. களைத்தவன் படுத்தால் தேறுவான். படுத்தால் வருகிற ஆயாசம் என்ன ஆயாசம்? ஓடிப்போய் ஊசியைப் பிடித்திருந்த நர்ஸின் கையைத் தடுத்தேன். இவர்கள் வீட்டில் தெலுங்கு. தெலுங்கில் அந்தச் சொல்லுக்கு மூச்சிரைப்பு என்று பொருள். லட்சுமம்மாவைப் பார்த்து, நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "மூச்சா?" என்றேன். "ஆங், அதாங்க. வந்ததுலேர்ந்து அதத்தானே சொல்லிகினு கீறோம்."

காவடி

முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் அடியில் நுரை உடைகிற சத்தம். கணுக்காலில் விரல் வைத்த இடம் குழியாகவே நின்றது. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அந்தப் பாட்டில் ஏறியிருந்தால் கட்டிலிலேயே மூழ்கியிருப்பார். நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்சிஜன் கொடுத்தோம். நீர் பிரியக் கவிதா ஊசி போட்டாள். நான் 108-க்குப் போன் போட்டேன்.

ஆம்புலன்ஸ் கூட்டத்தில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. சைரன் கேட்கிறது, வண்டி வரவில்லை. தேசப்பன் ஆக்சிஜன் முகமூடியை இழுத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, காலையில் காவடியை ஏற்றிவிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். அவர்கள் கையோடு கொண்டுவந்து மருந்து அலமாரியில் சாய்த்து வைத்திருந்த காவடியிலிருந்து சாமந்தி ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் மலைக்கோயில் படிக்கட்டு ஏறினால் பாதிகூடத் தாண்டமாட்டார் என்றேன். அவர் காதில் ஏறவில்லை.

வண்டி வாசலுக்கு வந்ததும் லட்சுமம்மா முகமூடியை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. "கிருத்திகை மாசா மாசம் வருது பாவா. நீ மாசா மாசம் வருவியா? ஏறு வண்டில."

இரண்டும்தான்

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இளைத்துப்போய்த் திரும்பி வந்தார். அந்த இதயம் பழைய பலத்துக்கு வராது. எனக்கும் லட்சுமம்மாவுக்கும் அது தெரியும். அடுத்து வந்த ஒரு கிருத்திகையில் காவடியை அவள் தூக்கிக்கொண்டு படியேற, அவர் பஸ்ஸில் மலைக்குப் போய்க் காத்திருந்தாராம். மாத்திரை இப்போது விரதத்திலும் உண்டு.

போன வாரம் கவிதா அவரிடம், "ஆயாசம் இருக்கா? எந்த ஆயாசம்னு தெளிவாச் சொல்லணும்" என்றாள். அவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தறிகிட்ட நின்னா உங்க ஆயாசம், மாடி ஏறினா எங்க ஆயாசம். ரெண்டும்தாங்க கீது."

இப்போதெல்லாம் யார் ஆயாசம் என்றாலும் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறோம்; மூச்சிரைப்புக்காரருக்கு ஒன்று போதாது. சாயங்காலம் கிளினிக் கதவைச் சாத்தும்போது கவிதாவுக்கும் எனக்கும் வருவது மட்டும் சந்தேகமில்லாத தமிழ் ஆயாசம்.