மாலை போடாத படம்

மரண அறிவித்தலில் 'பிறப்பிடமாகவும், வதிவிடமாகவும்' என்று ஊர்ப் பெயர் போடுவது எங்கள் வழக்கம். எங்கள் அண்ணிக்கு அதை எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே ஓர் ஏரிக்கரையில் பிறந்து, ஸ்காபரோ நகரின் வோபர்னில் கண்மூடியவர். எங்கள் குடும்பத்தில் இந்த மண்ணுக்குரியவர் அவர் ஒருவர்தான். நாங்களெல்லாம் வந்து சேர்ந்தவர்கள்.

அண்ணா அவரைக் கட்டப்போவதாகச் சொன்ன நாளில் அம்மாவுக்கு விளங்கியது வேறு.

"இந்தியன் எண்டால் நல்லதுதானே. இந்தியாவில எவடம்? சைவமோ?"

"இல்லையம்மா, அவ இஞ்சத்தை இந்தியன். இந்த நாட்டுப் பூர்வீகச் சனம்."

அம்மா சில நாள் அண்ணாவுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்னர் இதைக் கேள்விப்பட்ட அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். கப்பலில் வந்து தங்களுக்கு அந்தப் பெயரை வைத்தவனும் மாமியைப் போலத்தான் பிழையாக விளங்கிக்கொண்டவன் என்றார். அதோடு அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிறுவயதில் அண்ணியையும் அவருடைய தம்பியையும் வீட்டிலிருந்து பிரித்து அரசாங்கத்தின் விடுதிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். தாய்மொழி பேசினால் அடி. அண்ணி திரும்பி வந்தார், தம்பி வரவில்லை. என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. அண்ணி தீட்டிய ஓவியங்கள் எல்லாம் அந்தக் கேள்வியைத்தான் கேட்டன. காணாமற்போன பெண்கள், பறிபோன நிலம், சிறையில் கிடக்கும் பிள்ளைகள் என்று ஓயாமல் வரைந்தார். வரவேற்பறைக்கு அழகாக மானும் பறவையும் கேட்டு வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிடுவார்.

ஊரில் போர் முடிந்த அந்த வைகாசியில் எங்கள் தம்பி வன்னியில் இருந்தான். சரணடைந்தவர்களோடு அவனையும் இராணுவம் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு செய்தியில்லை. இங்கே ஆர்ப்பாட்டத்தில் தெருவில் இருந்து கத்திக் கத்தி எங்களுக்குத் தொண்டை கட்டிப்போனது. அண்ணியும் எங்களோடு அந்தத் தெருவில் இருந்தார்.

வருடம் திரும்பியதும், அவனை இறந்தவனாகக் கொண்டு, "அந்தியேட்டிக் கிரியையைச் செய்துபோட்டு மனம் ஆறுங்கோ" என்றார்கள் உறவினர்கள். எனக்கும் களைத்துவிட்டது. ஐயரிடம் நாள் கேட்டாயிற்று. தம்பியின் படம் அடையாள அட்டை அளவில் ஒன்றுதான் இருந்ததால், பெரிதாக வரைந்து தரும்படி அண்ணியிடம் கேட்டோம். வரைந்து முடித்த பிறகுதான் எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

"மாலை போட எண்டால் தரமாட்டன்," என்றார், அம்மாவிடம் பழகிய தமிழில்.

எனக்குக் கோபம் வந்தது. "எவ்வளவு காலத்துக்கு அண்ணி இப்பிடிப் பாத்துக்கொண்டிருக்கிறது? எனக்கு ஏலாமல் கிடக்கு."

"கொண்டுபோனவை சொல்லட்டும். நாங்களே முடிச்சுவிட்டால் அவை ஏன் சொல்லுவினம்?"

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவள் சொல்லுறது சரி. ஐயரை வரவேண்டாம் எண்டு சொல்லு."

இன்றுவரை அந்தப் படம் மாலையில்லாமல் எங்கள் வீட்டு ஹோலில் இருக்கிறது. களைப்பும் அப்படியே இருக்கிறது. அண்ணி அதைப் போக்கினார் என்று பொய் சொல்லமாட்டேன். கூட இருந்து களைத்தார், அவ்வளவுதான்.

கடைசியில் புற்றுநோய் அவரைப் படுக்கையில் போட்டது. முகம் சுளிக்காமல் பார்த்த தாதியருக்கும், சோறு கொண்டுவந்த அயலவருக்கும், வடக்கிலிருந்து நெடுந்தூரம் வந்து தங்கள் முறைப்படி பறை கொட்டிப் பாடி வழியனுப்பிய அண்ணியின் உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த ஆண்டு அண்ணியின் நினைவு நாளுக்கு அவருடைய படத்தை வைத்துவிட்டு, மாலையைக் கையில் பிடித்தபடி அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"இவளுக்குப் போடு பிள்ளை," என்றார் அம்மா. "இவள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதானே போனவள்."