இடுக்கு விடாத கம்பளியக்கா

ஏணியின் இரண்டாம் படியில் நின்று, கழுத்தைச் சாய்த்து, இடது கன்னத்தைக் கூரையோடு ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் கம்பளியக்கா. கீழே நிற்கிற யாரும் பேசக் கூடாது. கொஞ்ச நேரம் பல்லிபோல் அப்படியே இருந்துவிட்டுக் கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்கிறார்.

"மத்தியானம் இது அடுப்பு. விடியக்கால இது ஐஸ் பெட்டி. இங்க மூட்ட முடிச்சு இருக்கலாம், மனுஷங்க இருக்க முடியாது."

கையை வைத்துப் பார்த்தால் ஆகாதா என்று கேட்டேன். "இந்தக் கையா? இதுக்குச் சூடும் தெரியாது, சுரணையும் கிடையாது" என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். கண்ணாடிப் பஞ்சை வெட்டியும் திணித்தும் அவை மரத்துப்போயிருந்தன. அக்காவின் உடம்பில் இன்னும் மென்மையாக மிஞ்சியிருப்பது கன்னம்தான் போலிருக்கிறது. நாக்கு நிச்சயமாக இல்லை.

சூடும் குளிரும் உள்ளே வராதபடி வீடுகளுக்குக் கம்பளி போர்த்துவது அவர் தொழில். கூரைக்கு மேலே பலகை பதிப்பார், தண்ணீர் தேங்காமல் சரிவு கொடுத்துத் தார்ப்படுதா ஒட்டுவார், கீழே சட்டங்களுக்கு நடுவே பஞ்சைத் திணிப்பார். பேர் அப்படித்தான் வந்தது. கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிய துணி, நீச்சல்காரர்கள் போடுகிற கண்ணாடி, இதுதான் வேலை உடுப்பு. எத்தனை மூடினாலும் பஞ்சின் பொடி உள்ளே புகுந்துவிடும். சாப்பிடும்போதும் ஒரு கை முதுகைத் தேடிக்கொண்டே இருக்கும். "சொறிஞ்சாத்தான் எங்களுக்குச் சோறு" என்று அவரே சிரித்துக்கொள்வார்.

கணவர் மின்சார வேலை செய்பவர். சுவரிலும் கூரையிலும் ஓட்டை போடுவதால் அவருக்கு 'எலி' என்று பேர் வைத்தது அக்காதான். மரியாதைக்காக நாங்கள் எலியார் என்போம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் சேர்ந்து வேலை எடுத்தால் பொழுதுபோக்குக்குப் பஞ்சமே இல்லை.

"நான் அடைக்கிறேன், இந்த மனுஷன் ஓட்ட போடுறாரு. கல்யாணம் ஆனதுலேருந்து இதான் எங்க குடும்பம்."

"ஓட்ட போடாம வெளிச்சம் எப்படிம்மா வரும்?"

"ஜன்னல்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க, தெரியுமா?"

எங்கள் வீட்டு ஜன்னலை நம்பி அப்படிச் சொல்ல முடியாது. அக்கா கன்னம் வைத்துப் பார்த்தது, வீட்டின் உச்சியில், தட்டைக் கூரைக்கு நேர் கீழே, வேண்டாத சாமான்களைப் போட்டுவைத்த பரணை. ஜன்னல் ஒரு தலையணை அகலம். உயரமும் குறைவு. விளக்கு தொங்கினால் தலையில் இடிக்கும். அதனால் கூரைப் பலகைக்குள் பதிக்கிற வட்ட விளக்குகள்தான் வழி என்றார் எலியார். இந்தப் பரணை அறையாக்குவதற்கு எங்களுக்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. நானும் என் கணவரும் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருந்தோம். பிள்ளைக்குத் தனி அறை இருக்க வேண்டும், அதை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று சொல்லியிருந்தார்கள். அறை தேறாவிட்டால் பிள்ளை இல்லை.

இதை அக்காவிடம் சொன்னேன். பஞ்சுச் சுருளைப் பிரித்தபடி, "எந்தப் பக்கம் தல வச்சுப் படுக்கும்?" என்று மட்டும் கேட்டார். கட்டில் போடப்போகிற மூலையைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் அந்த மூலையில் செய்த வேலையை வேலை என்று சொல்ல முடியாது, வெறி என்றுதான் சொல்ல வேண்டும். கூரை, சுவர், மூலை முடுக்கு என்று திணித்துத் தள்ளினார். இணைப்புகளில் வெள்ளி டேப்பை ஒட்டி, நகத்தால் நீவி, மறுபடியும் நீவினார்.

"ஒரு இடுக்கு விட்டாப் போதும் தங்கச்சி. சூடு திருடன் மாதிரி, வழி தேடிக்கிட்டே இருக்கும்."

சண்டை வந்தது தொப்பியில். பதிக்கிற விளக்கு ஒவ்வொன்றின் தலையிலும் எலியார் ஒரு தகரத் தொப்பி கவிழ்த்திருந்தார். விளக்கின் சூடு வெளியேற அதைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும், பஞ்சு நெருங்கக் கூடாது. அக்காவுக்கோ வெற்றிடம் என்ற சொல்லே ஆகாது. "அவ்வளவு இடத்துலயும் பஞ்சு இல்லன்னா, நான் எதுக்கு இருக்கேன்?" என்று எகிறினார். எலியார் சாப்பாட்டைச் சாக்கிட்டுக் கீழே போய்விட்டார். கல்யாணம் இத்தனை நாள் தாங்குவது இப்படித்தான் போலும். பலகை அடித்து, பூசி, வெள்ளை அடித்து முடித்தார்கள். விளக்குகளைப் போட்டுக் காட்டினார்கள், அணைத்தார்கள். அறை குளுகுளுவென்று, பளிச்சென்று இருந்தது.

அதிகாரியம்மா வந்தது மழை இருட்டிய ஒரு பகலில். நான் காலையிலிருந்தே எல்லா விளக்குகளையும் எரியவிட்டிருந்தேன். அக்காவும் எலியாரும் ஏணியை எடுத்துப்போக வந்ததாகச் சொன்னார்கள். ஏணி இல்லாமல் அவர்களுக்கு எந்த வேலையும் ஓடாதாம், அதை எடுத்துப்போக இரண்டு பேரும் வேண்டுமாம். நம்பினோம்.

அதிகாரியம்மா கட்டிலில் உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஒரு விளக்கு அணைந்தது. சற்று நேரத்தில் பக்கத்து விளக்கு. பிறகு அடுத்தது. அறை மூலையிலிருந்து இருண்டுகொண்டே வந்தது.

"கரண்ட் போச்சா?"

போகவில்லை. கீழே எல்லாம் எரிந்தது. எலியார் ஏணியைத் தூக்கிவந்தார். ஏணியில் ஏறி ஒரு விளக்கைக் கழற்றினார். கை சுட்டு உதறினார். "என் வயரிங்தான் மேடம்... எங்கயோ கோளாறு" என்று அவர் தடுமாற, கீழிருந்து கம்பளியக்காவின் குரல் வந்தது.

"அவர் மேல தப்பில்ல மேடம். அவரு தொப்பி வச்சாரு. அவரு சாப்பிடப் போன நேரத்துல நான்தான் கழட்டிட்டு, பஞ்ச வச்சு அடச்சேன். சூடு போக வழியில்லாமத்தான் அணையுது. பிள்ளைக்கு ஒரு பொட்டு சூடு தெரியக் கூடாதுன்னு நெனச்சேன்."

"குழந்தை தூங்குற இடத்துல இப்படி ஆச்சுன்னா?" என்றார் அதிகாரியம்மா. சரி செய்துவிட்டுச் சொல்லுங்கள், இன்னொரு முறை பார்க்கிறேன் என்று எழுந்துகொண்டார். அந்த இன்னொரு முறையும் தேறாவிட்டால் அவ்வளவுதான் என்பதை அவர் சொல்லாமலே புரிந்துகொண்டோம். எனக்கு அக்காவின் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டலாம் என்று திரும்பினால், அவர் அந்த வெள்ளைக் கூரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். "அந்தப் பிள்ள வரலன்னா, என் பஞ்சாலதானே வராமப் போகும்" என்றார். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே கத்தியோடு வந்தார். எலியாரைத் தொடவிடவில்லை. தான் நீவி நீவி ஒட்டிய டேப்பைத் தானே கிழித்தார், பலகையை அறுத்தார், பஞ்சைப் பிய்த்து எடுத்தார். ஒவ்வொரு விளக்குக்கும் தொப்பி கவிழ்த்தார். தொப்பியின் விளிம்புவரை பஞ்சைக் கத்தரித்துப் பொருத்தினார். "நீயும் ஓட்ட போட்டு எலிக்கேத்த பொண்டாட்டியா ஆயிட்டியே" என்று எலியார் சிரிக்கவைக்கப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் சுத்தியலையும் எறியவில்லை. வேலை முடிந்தபின் ஒரு பகல் முழுக்க விளக்குகளை எரியவிட்டு, அண்ணாந்தபடியே தரையில் படுத்துக்கிடந்தார். ஒன்றும் அணையவில்லை.

இரண்டாம் முறை அதிகாரியம்மா தனியாக வரவில்லை. பிள்ளையையும் அழைத்துவந்தார். விளக்குகள் எரிந்தன, அறை குளிர்ந்திருந்தது. "ரூம் சரியா இருக்கு. இனி இவதான் சொல்லணும்" என்றார். பிள்ளையோ வாசலைத் தாண்டவே இல்லை. செருப்போடு நிலைப்படியில் நின்று கூரையையே பார்த்தது. நான் கூப்பிட்டேன், என் கணவர் கூப்பிட்டார். அசையவில்லை. இந்த முறை சாக்குச் சொல்லாமலே வந்திருந்த அக்காவைப் பார்த்து மெல்லக் கேட்டது.

"ராத்திரி எல்லாத்தையும் அணைச்சிடுவாங்களா?"

எல்லா விளக்குக்கும் ஒரே சுவிட்ச், அதுவும் கதவோரத்தில், பெரியவர்கள் உயரத்தில். எலியார் கட்டில் பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஒண்ணுக்கு மட்டும் தனியா சுவிட்ச் வைக்கலாம். என்ன, கட்டில் பக்கத்துச் சுவத்துல ஓட்ட போடணும்..." என்று இழுத்து, மனைவியைப் பார்த்தார். அக்கா தேடித்தேடி அடைத்த சுவர் அது.

அக்கா அவர் காதிடுக்கிலிருந்த பென்சிலை உருவிக்கொண்டு கட்டிலோரம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வா கண்ணு. படுத்துக்கிட்டுக் கைய நீட்டு, எட்டுதா பாப்போம்."

பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது. படுத்து, கையை நீட்டியது. அதன் விரல் நுனி சுவரைத் தொட்ட இடத்தில் கம்பளியக்கா பென்சிலை அழுத்தி, பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.