அல்லிக்கு வைத்த செங்கற்கள்

சுருளிப்பட்டிக்கு வெளியே, தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது எங்கள் வீடு. கொல்லையில் என் கணவர் ஆசையாகக் கட்டிய சிறு குளம் ஒன்று உண்டு. என் இடுப்பளவு ஆழம். போன மழைக்காலத்தில் எங்கள் நான்கு வயது மகள் அதில் விழுந்துவிட்டாள். நான் பக்கத்தில்தான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சத்தமே கேட்கவில்லை. அவர் பார்த்து, குதித்துத் தூக்கினார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை; அவள் மறந்தும்விட்டாள். குளியலறையில் அவள் பாட்டு நின்றால் நான் இன்னும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

குளத்தை மூடச் சொன்னேன். அவரோ பெரியகுளம் ஊர் நர்சரிக்குப் போய் அல்லிக் கிழங்கு வாங்கி வந்தார். பூவைக் காட்டி என் வாயை அடைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இலை படர்ந்தால் அடி தெரியாது. அடி தெரியாத தண்ணீரை எப்படி நம்புவது?

ஆனாலும் நடும்போது கூட இருந்தேன், ஒரு கண் வைத்திருக்கலாம் என்று. ஓட்டையில்லாத அகலப் பேசன்களில் கண்மாய்க் களிமண்ணை நிரப்பி, கிழங்கைச் சாய்த்து, குருத்து வெளியே தெரிய ஊன்றினோம். மண் கரையாதிருக்க மேலே பருமணல். பேசன்களைக் குளத்துக்குள் செங்கல் அடுக்கின் மேல் வைத்தார். குருத்துக்கு வெளிச்சம் வேண்டுமாம்; இலை வளர வளரச் செங்கலை உருவிப் பேசனை இறக்குவாராம்.

அப்படியானால் செங்கல் வெளியே வர வேண்டும். வீடு கட்டி மிஞ்சிய செங்கல் குவியலோ நான் கொல்லையில் இல்லாத நேரமாகப் பார்த்துக் குறைந்துகொண்டே போனது. கேட்டால், "எங்க போயிரப் போகுது, அங்கனதான் கெடக்கும்" என்பார். யாருக்கோ கொடுக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணை விசாரித்தேன்.

"அண்ணே செங்கலச் சொமந்துக்கிட்டுக் குளத்துப் பக்கம் அலையுறாக. நீங்க அண்ணன வேவு பாத்து அலையுறீக. நல்ல குடும்பந்தான் மதினி."

அவர் கம்பம் டவுனுக்குப் போயிருந்த காலையில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கினேன். இடுப்புவரை போகுமென்று மூச்சைப் பிடித்திருந்தேன். முழங்காலுக்கே தரை தட்டியது. கலங்கல் தண்ணீருக்கடியில், ஒரு மூலை விடாமல் அடுக்கடுக்காகச் செங்கல் பாவியிருந்தது.

அவர் வந்ததும் வாசலிலேயே கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"மூடிட்டா பிள்ளை தண்ணியக் கண்டாலே மெரளும், ஒன்னைய மாதிரி. சொன்னா நீ இது பத்தாதும்ப." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எனக்கும் அன்னையிலிருந்து தூக்கமில்ல புள்ள" என்றார்.

"பத்தாதுதான். எனக்கு முழங்கால் தண்ணி. அவளுக்கு?"

வந்த வண்டியிலேயே கம்பத்துக்குத் திரும்பினார். கனமான கம்பி வலை வாங்கி வந்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, குளம் முழுவதும் இறுக்கிக் கட்டினார். இப்போது இலைகள் வலைக் கண்களுக்குள் புகுந்து மேலே வருகின்றன. ஒரு மொட்டும் வந்திருக்கிறது.

மகளைக் கிட்டே விடுமுன் நானே வலைமேல் ஏறி நின்றேன். அசையவில்லை. இறங்கி, அடுத்த மூலையிலும் ஏறி நின்றேன்.